நியூயார்க்கில் கரீபிய இளைஞர்கள்: வீட்டில் சொல்லாதது, நண்பர்களிடம் மட்டும் சொன்னது

வடக்குக்காற்று (குவீன்ஸ், நியூயார்க்) எழுதியது:

கரீபியத் தீவுகளிலிருந்து வந்த, தன்பாலீர்ப்புள்ளவர், திருநர் போன்ற பால்புதுமை இளைஞர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் வருவதெல்லாம் ஒரே தடத்தில் ஓடுகிறது. ஊரில் அடி, உயிருக்குப் பயந்து விமானம், நியூயார்க்கில் வானவில் கொடி, அத்துடன் சுபம். அப்படி வந்தவர்கள் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் பார்க்கிற பிள்ளைகள் அந்தக் கதைக்குள் அடங்கவில்லை.

நான் குடியிருப்பது ரிச்மண்ட் ஹில். ஏ ரயில் லெஃபர்ட்ஸ் பூலவார்டில் வந்து நின்றுவிடும். இறங்கினால் லிபர்ட்டி அவென்யூ. 2021இல் அந்த முனைக்கு 'லிட்டில் கயானா அவென்யூ' என்று பெயர்ப்பலகை வைத்தார்கள். ரொட்டிக் கடை, சேலைக் கடை, ஊருக்குப் பீப்பாய் அனுப்பும் கடை என்று வரிசையாக இருக்கும். வீராசாமி, முனிசாமி என்று குடும்பப் பெயர் கொண்டவர்களைச் சாதாரணமாகச் சந்திக்கலாம். சென்னையில் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளின் வாரிசுகள். தமிழில் ஒரு வாக்கியம் பேசத் தெரியாது, மாரியம்மன் பூசைக்குத் தப்பு அடிக்கத் தெரியும்.

எனக்குப் பழக்கமான கூட்டம் ஒன்று இங்கே உண்டு. கயானாக்காரர்கள் இருவர், ட்ரினிடாட் பெண் ஒருத்தி, ஜமைக்காப் பையன் ஒருவன். எல்லாருக்கும் இருபதை ஒட்டிய வயது. ஜமைக்காக்காரனைத் தவிர மற்றவர்கள் பெற்றோர் எடுத்த கிரீன் கார்டில் வந்து, பெற்றோர் வீட்டிலேயே இருப்பவர்கள். வீட்டில் சொல்லவில்லை, சொல்லும் உத்தேசமும் இல்லை. தங்களுக்குள் மட்டும் ஒளிவுமறைவு கிடையாது. ஒருவனைக் காதலன் விட்டுப் போனபோது மற்றவர்கள் முறைவைத்து அவனோடு இரவு தங்கினார்கள். அவனுடைய அம்மாவுக்கு அவர்கள் 'பரீட்சைக்குப் படிக்க வந்த பிள்ளைகள்'. சமைத்துப் போட்டார்.

என் கேள்வி இதுதான். இந்த நட்பை, என்றோ வீட்டில் சொல்லப் போகும் நாள்வரைக்குமான ஒதுங்கிடம் என்று எடுத்துக்கொள்வதா? அல்லது அவர்கள் வாழ்க்கையே அதுதானா?

குன்றத்தூரான் (சென்னை) எழுதியது:

ஜமைக்காவிலும் கயானாவிலும் சட்டம் கழுத்தைப் பிடிக்கிறது, மறைக்கிறார்கள், சரி. நியூயார்க் மாநிலத்தில் 2011 முதல் ஒருபாலர் திருமணமே செல்லும். அங்கே போயும் அம்மாவுக்குப் பயந்து ஒளிவதென்றால் அவ்வளவு பெரிய நகரம் எதற்கு? கோபித்துக்கொள்ளாதீர்கள், இது எனக்குக் கோழைத்தனமாகத்தான் படுகிறது.

பெயரிலி (ப்ரூக்ளின்) எழுதியது:

கோபம்தான் வருகிறது, குன்றத்தூராரே. ஆனாலும் பதில் சொல்கிறேன்.

கரீபியக் குடும்பங்கள் பெரும்பாலும் ஒன்றாக விமானம் ஏறுவதில்லை. முதலில் அம்மா வருவாள். முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை, பிள்ளை வளர்க்கும் வேலை, மருத்துவமனையில் இரவு வேலை. குழந்தை பாட்டியிடம் இருக்கும். அம்மா பெரிய நீலப் பீப்பாய் ஒன்றை வாங்கி வீட்டு மூலையில் வைத்து, மாதக்கணக்கில் அதில் சேர்ப்பாள்: அரிசி, சோப்பு, எண்ணெய், பள்ளிக்கூடச் சப்பாத்து. நிரம்பியதும் கப்பலில் ஏற்றுவாள். அளவு தெரியாததால் சப்பாத்து காலுக்குச் சேராமல் போவதும் உண்டு. இப்படி வளர்ந்தவர்களைப் பீப்பாய்ப் பிள்ளைகள் என்றே அங்கே அழைக்கிறார்கள்.

அந்தப் பிள்ளை பதின்மூன்று, பதினான்கு வயதில் நியூயார்க் வந்து, குரலாக மட்டுமே தெரிந்த ஒரு பெண்ணுடன் ஒரே வீட்டில் வாழத் தொடங்குகிறான். தாயும் மகனும் ஒருவரையொருவர் பழகிக்கொள்ளவே சில ஆண்டுகள் ஆகின்றன. அப்போதுதான் அவனுக்குத் தன்னைப் பற்றியும் தெரிய வருகிறது. இப்போதுதான் கிடைத்த அம்மாவை மறுபடி இழக்கத் துணியாதவனைக் கோழை என்கிறீர்கள்.

இன்னொன்று, நகரம் பெரியதுதான். ஆனால் ஃப்ளாட்புஷ்ஷில் அம்மா போகும் தேவாலயம், அம்மா தலை அலங்காரம் செய்துகொள்ளும் கடை, அம்மா ஏறும் டாலர் வேன் என்ற தனியார் பகிர்வு வண்டி, இவை எல்லாவற்றிலும் தெரிந்த முகங்கள். சர்ச் அவென்யூவில் நீங்கள் யாருடைய கையைப் பிடித்து நடந்தீர்கள் என்ற செய்தி, நீங்கள் வீடு சேரும் முன்பே கிங்ஸ்டனில் இருக்கும் பெரியம்மாவின் வாட்ஸ்அப்புக்குப் போய்விடும்.

ஆவணக்காரி எழுதியது:

'சட்டம் கழுத்தைப் பிடிக்கிறது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. நாட்டுக்கு நாடு நிலைமை வேறு. அதுவும் பத்தே ஆண்டுகளில் நிறைய மாறியிருக்கிறது.

ஜமைக்காவில் இன்றும் இருப்பது ஆணும் ஆணும் உறவு கொள்வதைக் குற்றமாக்கும் 1864ஆம் ஆண்டுச் சட்டம். நம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை எழுதிய அதே பேரரசு, அதே காலம். பெலீஸ் நீதிமன்றம் 2016இல் இத்தகைய பிரிவை நீக்கியது. 2022 என்ற ஒரே ஆண்டில் ஆன்டிகுவா, செயின்ட் கிட்ஸ், பார்படோஸ் மூன்றும் நீக்கின. டொமினிக்கா 2024, செயின்ட் லூசியா 2025. செயின்ட் வின்சென்ட்டில் 2024இல் வழக்கு தோற்று, சட்டம் நிலைத்தது. தென் அமெரிக்கக் கண்டத்தில் இன்னும் அந்தச் சட்டத்தை வைத்திருக்கும் ஒரே நாடு கயானா.

கொடுமை ட்ரினிடாட்டில் நடந்தது. ஜேசன் ஜோன்ஸ் தொடுத்த வழக்கில் 2018 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லாது என்றது. அதே ஆண்டு செப்டம்பரில் நம் உச்ச நீதிமன்றமும் 377இல் அதே முடிவுக்கு வந்தது. இங்கே அது நின்றது. அங்கே 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. ஏழு ஆண்டுகள் குற்றமாக இல்லாதது மறுபடி குற்றமாயிற்று. அங்கிருந்து மேல்முறையீடு போக வேண்டிய இடம், ட்ரினிடாட்டுக்கு இன்னும் இறுதி நீதிமன்றமாக இருக்கும் லண்டன் பிரிவி கவுன்சில்.

அமெரிக்காவையும் தூக்கிப் பிடிக்க வேண்டாம். தன்பாலீர்ப்புள்ள வெளிநாட்டவர் நாட்டுக்குள் வரவே கூடாது என்ற விதி 1990 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது. ஒருபாலர் இணைக்குக் கிரீன் கார்டு கேட்கும் வழி 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் திறந்தது.

குன்றத்தூரான் எழுதியது:

பீப்பாய்ப் பிள்ளைகள் விஷயம் எனக்குப் புதிது. ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது. நண்பர்கள் இருக்கிறார்கள், நல்லது. நண்பர்களை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும்? சேர்ந்து அழலாம், சேர்ந்து ஆடலாம். அதற்கு மேல்?

சட்டப்பூனை (நியூயார்க்) எழுதியது:

அதற்கு மேல் என்ன என்று நான் சொல்கிறேன். குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் கோப்பு தயாரிக்கும் வேலை எனக்கு. ஆள் அடையாளம் தெரியாமல் சொல்கிறேன்.

ஊரில் உயிருக்கு ஆபத்து என்று தஞ்சம் கேட்பவர், தான் தன்பாலீர்ப்புள்ளவர் என்பதை அதிகாரிக்கு நிரூபிக்க வேண்டும். பாலீர்ப்பு காரணமாகத் தஞ்சம் தரலாம் என்பதற்கு அடிப்படை, கியூபாவைச் சேர்ந்த ஒருவரின் வழக்கில் 1990இல் வந்த முடிவு. 1994இல் அதை எல்லா வழக்குகளுக்கும் பொருந்தும் முன்மாதிரி ஆக்கினார்கள். சட்டம் உண்டு, சான்றுக்கு எங்கே போவது? ஊரில் வாழ்நாளெல்லாம் சான்றே இல்லாமல் பார்த்துக்கொண்டவன் அவன். புகைப்படம் எடுத்ததில்லை, கடிதம் வைத்துக்கொண்டதில்லை, செய்திகளை அன்றன்றே அழித்திருக்கிறான். அந்தக் கவனம்தான் அவனை உயிரோடு இங்கே கொண்டுவந்து சேர்த்தது. இங்கே அதுவே பாதகமாகிறது.

அப்போது கை கொடுப்பது நண்பர்களின் கடிதம். 'நல்ல பையன், தெரியும்' என்று எழுதினால் போதாது. எப்போது, எங்கே பழக்கம், அவன் இப்படிப்பட்டவன் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும், அவன் யாரோடு வாழ்ந்ததைப் பார்த்தீர்கள் என்று விவரமாக இருக்க வேண்டும். இந்த 'எப்படித் தெரியும்' என்ற இடத்தில்தான் பேனா நின்றுவிடும். ஏனென்றால் உண்மையான பதில், 'நானும் அப்படித்தான்' என்பது. வீட்டில் மூச்சு விடாத பையன், தன் பெயரும் முகவரியும் போட்டு, அடையாள அட்டை நகலும் இணைத்து, அரசாங்கக் கோப்பில் அதை எழுதிக் கொடுக்கிறான். அம்மாவிடம் சொல்லாததை அரசாங்கத்திடம் சொல்கிறான், நண்பனுக்காக. கோழைத்தனம் என்ற சொல் மேலே கிடக்கிறதே, அதை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

வடக்குக்காற்று எழுதியது:

நான் சொன்ன ஜமைக்காப் பையனுக்கு இதேதான் நடந்தது. அவன் தனியாகப் பார்வையாளர் விசாவில் வந்தவன். கயானாக்காரர்களில் ஒருவன் அவனுக்குக் கடிதம் எழுதினான். எழுதுவதில் சிக்கல் இல்லை, நோட்டரி கையெழுத்தில்தான் சிக்கல். எங்கள் தெருவில் நோட்டரி முத்திரை வைத்திருப்பவர்கள் யார்? விமான டிக்கெட் விற்பவர், வருமான வரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர், பீப்பாய்க் கடைக்காரர். மூவருக்கும் அவனுடைய அம்மாவைத் தெரியும். அவன் அந்தக் காகிதத்தை மடித்துக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு மன்ஹாட்டன் வரை போய், முன்பின் தெரியாத ஒருவரிடம் முத்திரை வாங்கி வந்தான். முத்திரை குத்தியவர் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம். அதை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னான்!

சட்டப்பூனை எழுதியது:

வீண் அலைச்சல். அமெரிக்கக் கூட்டாட்சி சட்டப்படி நோட்டரி கட்டாயம் இல்லை. 'பொய் சொன்னால் தண்டனைக்கு உட்படுவேன் என்று அறிந்து, இது உண்மை என உறுதி கூறுகிறேன்' என்ற வாசகத்தை முறையாகச் சேர்த்து, தேதியிட்டுக் கையெழுத்திட்டால் பெரும்பாலும் போதும். இன்னொன்று: தஞ்சக் கோப்புகளுக்கு இரகசியக் காப்பு விதி இருக்கிறது. அதிகாரிகள் அதை அவன் அம்மாவுக்கோ ஜமைக்கா அரசுக்கோ எடுத்துக் கொடுக்க முடியாது.

ஸ்கார்பரோ மாமி (டொராண்டோ) எழுதியது:

பிள்ளைகளே, எல்லாவற்றையும் வாசித்தேன். கண் கலங்கியது, அது வேறு. ஆனால் நட்பைத் தூக்கித் தலையில் வைத்து ஆடுகிறீர்கள். கொஞ்சம் இறக்கி வையுங்கள்.

எங்கள் மால்வர்ன் பக்கம் தமிழ்ப் பிள்ளைகளும் ஜமைக்கா, ட்ரினிடாட் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பஸ். என் மகளின் கூட்டத்திலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். எங்கள் வீட்டு மேசையில் சாப்பிட்டவர்கள். அவர்களைப் பற்றி நம் சனம் 'கறுவல் பிள்ளைகளோடு என்ன சேர்க்கை' என்று பேசியதும் எனக்குத் தெரியும். அதை மறைத்துவிட்டு அவர்களைப் பற்றி மட்டும் விவாதிப்பது அழகில்லை.

அந்தக் கூட்டம் உடைந்ததையும் பார்த்தேன். நம் சீட்டுப் போல அவர்களுக்கும் ஒன்று உண்டு; ட்ரினிடாட்காரர் சூசூ என்பார்கள், கயானாக்காரர் பாக்ஸ் ஹேண்ட், ஜமைக்காக்காரர் பார்ட்னர். ஆளுக்கு இவ்வளவு என்று வாரம் போட்டு, முறைவைத்து மொத்தமாக எடுப்பது. ஐந்து பேர் சேர்ந்து அப்படித்தான் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டினார்கள். ஒருத்தி தன் முறை வந்ததும் எடுத்துக்கொண்டு மொன்ட்ரியல் போய்விட்டாள். வேறு யாராவது என்றால் பெற்றோரைக் கூப்பிட்டு நியாயம் கேட்கலாம். இவர்கள் யாரிடம் போவார்கள்? போலீஸிலா, தேவாலயத்திலா? ஓடியவளுக்கு எல்லாருடைய இரகசியமும் தெரியும். வாயை மூடிக்கொண்டு பணத்தை இழந்தார்கள். ஐந்து பேருக்குள் எல்லாவற்றையும் வைத்துவிட்டால் ஒருவர் கெட்டாலே கூரை இறங்கும்.

பெயரிலி எழுதியது:

மாமி சொல்வதில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் ஐந்து பேர் எப்போதும் ஐந்து பேராகவே இருப்பதில்லை.

ப்ரூக்ளினில் கோடைக்காலம் முழுக்க மாஸ் கேம்ப் நடக்கும். செப்டம்பர் முதல் திங்கட்கிழமை ஈஸ்டர்ன் பார்க்வேயில் போகும் கரீபியக் கார்னிவல் ஊர்வலத்துக்கு உடை தயாரிக்கும் பட்டறை. கம்பி வளைப்பது, பசைத் துப்பாக்கியால் இறகு ஒட்டுவது, கல் பதிப்பது. விரல் நுனியெல்லாம் சுட்டுக் கன்றியிருக்கும். அங்கே ஆண்பிள்ளை இறகு வைத்துத் தைத்தால் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள்; வேலை சுத்தமாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். நான் ஒரு கோடையில் அங்கே இறகு பிரித்துக் கொடுக்கும் எடுபிடியாக இருந்தேன். நாற்பது, ஐம்பது வயதில், யாருடன் வாழ்கிறார்கள் என்பது ஊருக்கே தெரிந்தும் யாரும் வாய்விட்டுச் சொல்லாத மனிதர்களை அங்கேதான் முதலில் பார்த்தேன். இளையவர்களுக்கு வாடகை வீடு, வேலை, எந்த மருத்துவரிடம் தயங்காமல் பேசலாம் என்ற தகவல் எல்லாம் அந்த மேசையில்தான் கை மாறும். ஊர்வல நாள் விடிகாலையில் ஜூவே என்ற தெருக்கொண்டாட்டம். இப்போது காவல்துறை ஆறு மணிக்குத்தான் தொடங்க விடுகிறது. உடம்பெல்லாம் வண்ணமும் பவுடரும் பூசிக்கொண்டபின் பெரியம்மாவே எதிரில் வந்தாலும் அடையாளம் தெரியாது!

பாட்டு விஷயத்தையும் சொல்ல வேண்டும். தன்பாலீர்ப்புள்ளவர்களைச் சுட வேண்டும், எரிக்க வேண்டும் என்று பாடிய, ஜமைக்காவின் டான்ஸ்ஹால் வகைப் பாட்டுகள் உண்டு. ஜமைக்கப் பாடகர் புஜு பாண்டன் அப்படிப்பட்ட தன் பழைய பாட்டை 2019இல்தான் விலக்கிக்கொண்டார். இவர்கள் பிறந்ததிலிருந்து ஆடியதும் அதே தாளம்தான். ஃப்ளாட்புஷ் பேஸ்மென்ட் ஒன்றில் பார்த்தேன். அந்த வரி வரும் இடத்தில் ஒருத்தி ஒலியை அடக்கினாள், அறை முழுக்க வேறொரு வரியை, அச்சில் ஏற்ற முடியாத வரியை, ஒரே குரலில் கத்தியது, ஒலி திரும்பியது, ஆட்டம் ஒரு தட்டுக்கூடத் தவறவில்லை.

மட்டுறுத்துநர்:

வேதாகம வசனங்களை அடுக்கிய இரண்டு பதிவுகளும் அவற்றுக்கு வந்த வசைகளும் நீக்கப்பட்டன. தலைப்பில் நிற்கவும்.

குன்றத்தூரான் எழுதியது:

கடிதம் எழுதிய பையனைப் பற்றி வாசித்ததிலிருந்து அந்தச் சொல்லை மறுபடி எழுதக் கை வரவில்லை. ஆனால் வேறொன்று உறுத்துகிறது. நீங்கள் எல்லாரும் சொல்லும் ஏற்பாடு, அதாவது வீட்டில் மௌனம், நண்பர்களிடம் பேச்சு, மறைக்க முடிந்தவர்களுக்குத்தானே? கூட்டத்தில் ஒரு திருநங்கை இருந்தால்? அவளும் 'பரீட்சைக்குப் படிக்க வந்த பிள்ளை' ஆகி அந்த அம்மா சமைத்ததைச் சாப்பிட முடியுமா?

ஆவணக்காரி எழுதியது:

இந்த இழையில் இதுவரை வந்த கேள்விகளில் இதுதான் கூர்மையானது.

கயானாவில் 2009இல், பெண் உடை அணிந்ததற்காகச் சிலரைக் கைதுசெய்து அபராதம் விதித்தார்கள். 'முறையற்ற நோக்கத்தோடு' எதிர்ப்பால் உடை அணிந்து வெளியே வருவது குற்றம் என்ற 1893ஆம் ஆண்டுச் சட்டம். அவர்கள் விடாமல் வழக்கு நடத்தினார்கள். கரீபிய நீதிமன்றம் 2018 நவம்பரில் அந்தச் சட்டத்தை நீக்கியது. ஆக, கயானாவில் பால்புதுமையினருக்குக் கிடைத்த பெரிய சட்ட வெற்றியை வாங்கித் தந்தவர்கள் மறைக்க முடியாதவர்கள்தான். மறைக்க முடிந்தவர்களைத் தண்டிக்கும் சட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது.

பெயரிலி எழுதியது:

குன்றத்தூரார் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். முடியாது. எங்கள் கூட்டத்தில் பார்படோஸ்காரத் தோழி ஒருத்தி இருக்கிறாள். யாருடைய பிறந்தநாளாவது அம்மா வீட்டில் நடந்தால் அவளுக்கு அழைப்பு போகாது. மறுநாள் வெளியில் இரண்டாவது கேக் வெட்டுவோம். ஒருநாள் அவள் கேட்டாள்: 'உங்கள் அம்மாக்களின் நிம்மதிக்கு நான் ஏன் விலை கொடுக்க வேண்டும்?' யாரிடமும் பதில் இல்லை. அதன் பிறகு ட்ரினிடாட் பையன் ஒருவன் மட்டும் அவளைத் தன் அக்காவின் திருமணத்துக்கு அழைத்துப் போனான். எங்கள் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கியது. அவன் அம்மா அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: 'காரம் சாப்பிடுவாயா?'

அதை வைத்து எல்லா அம்மாக்களும் அப்படித்தான் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். வேறொரு வீட்டில் அதே கோடையில் ஒருவனுடைய துணிமணி குப்பைப் பையில் வாசலுக்கு வந்தது.

வடக்குக்காற்று எழுதியது:

ரிச்மண்ட் ஹில்லிலும் வெளிப்படையாக நிற்பவர்கள் இருக்கிறார்கள். 2015இல் தொடங்கிய கரீபியன் ஈக்வாலிட்டி ப்ராஜெக்ட் என்ற அமைப்பினர் ஹோலி ஊர்வலத்தில் தங்கள் பதாகையோடு நடக்கிறார்கள். இங்கே அதற்கு ஃபக்வா என்று பெயர். என் கூட்டத்தார் அதே ஊர்வலத்தில் ஐம்பது அடி பின்னால், தங்கள் குடும்பங்களோடு, முகம் தெரியாத அளவுக்குச் சாயம் பூசிக்கொண்டு போவார்கள். முன்னால் போகிறவர்கள் மேல் இவர்களுக்குப் பொறாமையும் உண்டு, எரிச்சலும் உண்டு. 'அவர்கள் எங்களுக்காகவும் கத்துகிறார்கள், ஆனால் எங்களைக் கேட்டுக் கத்தவில்லை' என்றாள் ட்ரினிடாட் பெண். நான் கேட்ட கேள்விக்கு இரண்டில் ஒன்று என்று பதில் வராது போலிருக்கிறது. ஆனால் ஒன்று சொல்வேன். வீட்டில் சொல்லியாயிற்றா என்பதை மட்டும் அளவுகோலாக வைத்து இவர்களை எழுதுகிறவர்கள், அந்தக் கடிதத்தைப் பார்க்காமலே எழுதுகிறார்கள்.

புதுவரவு_மீன்கொத்தி எழுதியது:

மன்னிக்கவும், இடையில் நுழைகிறேன். என் அறைத்தோழன் செயின்ட் வின்சென்ட்காரன். ஊருக்குத் திரும்பினால் ஆபத்து. வந்து பத்து மாதம் ஆகிறது. பணம் சேர்ந்த பிறகு வழக்கறிஞரைப் பார்க்கலாம் என்று இருக்கிறான். கடிதம் நான் எழுதலாமா? நான் அவனைப் போன்றவன் அல்லன். இந்தியக் குடியுரிமை, மாணவர் விசா.

சட்டப்பூனை எழுதியது:

பணம் சேரும் வரை காத்திருக்கக் கூடாது! நாட்டுக்குள் வந்த ஓராண்டுக்குள் தஞ்ச விண்ணப்பம் போட வேண்டும். தவறினால் விதிவிலக்குக் கேட்டு வாதாட வேண்டியிருக்கும், கிடைப்பது அரிது. முன்பு விண்ணப்பத்துக்குக் கட்டணமே இல்லை. 2025இல் வந்த சட்டத்தால் 100 டாலர் விதித்தார்கள். வழக்கறிஞர் செலவுக்கு, கட்டணம் வாங்காத சட்ட உதவி அமைப்புகள் நகரத்தில் இருக்கின்றன. வரிசை நீளம், அதனால் இந்த வாரமே கூப்பிடச் சொல்லுங்கள். அவன் நாட்டுக்குள் நுழைந்த தேதியைப் பதிவில் அவனோடு உட்கார்ந்து பாருங்கள். 'பத்து மாதம்' என்று வாயால் சொல்வது வேறு, தேதி வேறு.

கடிதம் நீங்கள் தாராளமாக எழுதலாம். நீங்கள் அவனைப் போன்றவராக இருக்க வேண்டியதில்லை, அமெரிக்கக் குடிமகனாகவும் இருக்க வேண்டியதில்லை. ஒரே வீட்டில் இருக்கிறீர்கள். அவனைத் தேடி யார் வருகிறார்கள், ஊரிலிருந்து தொலைபேசி வந்தால் அவன் முகம் எப்படி மாறுகிறது, உங்களிடம் எப்போது சொன்னான் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். அனுப்பும் முன் அவனுடைய வழக்கறிஞர் ஒருமுறை படிக்கட்டும். அவன் சொல்லும் தேதிகளும் நீங்கள் எழுதும் தேதிகளும் முரண்பட்டால் அதைத்தான் அதிகாரி முதலில் பிடிப்பார்.